உப்பு எல்லாருக்கும் தெரியும்

அக்காவிடம் யாராவது வழி கேட்டால் எங்களுக்குப் பகீரென்றிருக்கும். வழி சொல்வதோடு அவர் விடமாட்டார். சொன்ன பிறகு யோசிப்பார். யோசித்தால் சொன்னதில் ஏதாவது ஒரு பிழை அகப்பட்டுவிடும்.

ஒருமுறை மாட்டுத்தாவணியில் ஒரு பெரியவர், தஞ்சாவூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். அக்கா கையை நீட்டிக் காட்டினார். பெரியவர் போய்விட்டார். நாங்கள் ஒரு கருத்தரங்குக்காகத் திருச்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டோம், டிரைவர் வண்டியைக் கிளப்பியும் விட்டார். அப்போதுதான் அக்கா இடது காதைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, நான் அவர்ட்ட தப்பாச் சொல்லிட்டேன். அது வேற ஊரு வண்டி நிக்கிற இடம்” என்று சொல்லிவிட்டு, ஓடுகிற வண்டியை நிறுத்தி இறங்கிவிட்டார். அவர் பையும் என் மடியில் இருந்ததால் நானும் இறங்க வேண்டியதாயிற்று. பெரியவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது அவர் சரியான பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார். அக்கா ஜன்னலுக்குக் கீழே நின்று, “ஐயா, நான் முன்னாடி சொன்னது தப்புங்க” என்றார். பெரியவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “யாரும்மா நீயி?” என்றார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். நான் பஸ்ஸின் பின் டயரை ஆராய்ந்துகொண்டு நின்றேன்.

எனக்கு வெட்கம் சீக்கிரம் வரும். வேறு யாருக்கோ நடந்தாலும் என் முகம்தான் சுருங்கும். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்பதிலிருந்து எல்லாவற்றுக்கும் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கவலையிலேயே வளர்ந்தவன் நான். அக்காவுக்கும் வெட்கம் உண்டு, என்னைவிட அதிகமாகவே. ஆனால் அது வேறு வகை. எனக்கு நாலு பேர் பார்த்தால்தான் வரும். அவருக்கு யாரும் பார்க்காவிட்டாலும் வரும்.

நான் மதுரையில் உயிர்வேதியியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது அவர் அந்த ஆய்வகத்தின் பழைய ஆள். பேராசிரியர் தவிர எல்லாருக்கும் அவர் அக்கா. டீ போடும் அம்மாவுக்குக்கூட அக்காதான். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்து இறுக்கிய பின்னல், மணிக்கட்டில் சுற்றிச் சுற்றி வரும் பெரிய ஆம்பிளை வாட்ச். எதைக் கேட்டாலும் முதலில் ஒரே பதில்தான் வரும்: “பாத்துட்டுச் சொல்றேன்.” மத்தியானம் மழை வருமாக்கா? பாத்துட்டுச் சொல்றேன். இந்த வடை ஊசிப்போச்சா? பாத்துட்டுச் சொல்றேன். கல்யாணம்? அதற்கும் அதேதான் என்று பேசிக்கொள்வோம்.

பேராசிரியர் ஊரில் இல்லாத நாட்களில் எம்.எஸ்ஸி. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அக்கா வகுப்பு எடுப்பார். ஒருநாள் புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் அதே பிள்ளைகளுக்கு வேறு யாரோ எடுத்துக்கொண்டிருந்த வகுப்பில் கதவைத் தட்டி உள்ளே போய் நின்றுவிட்டார்.

“நேத்து இருபது அமினோ அமிலத்துக்கும் அடிப்படை அமைப்பு ஒண்ணுதான்னு சொல்லிட்டேன். பத்தொம்போதுதான் அப்படி. புரோலின் மட்டும் வேற. அதோட பக்கச் சங்கிலி திரும்பி வந்து தன்னோட நைட்ரஜனையே பிடிச்சுக்கும். அதனால அது இஷ்டத்துக்கு வளையாது. அது வர்ற இடத்துல மொத்தச் சங்கிலியும்தான் திரும்பிப் போகணும்.”

பின் பெஞ்சிலிருந்து ஒருவன், “எக்ஸாமுக்கு வருமாக்கா?” என்று கேட்டான்.

“வராது.”

“அப்பறம் ஏன்க்கா?”

“நேத்து தப்பாச் சொல்லிட்டேனே.”

அன்றிலிருந்து முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் புரோலின். அவர் இருக்கிற இடத்தில் பேச்சு நேராகப் போகாது, எங்கேயாவது ஒரு திருப்பம் திரும்பியே ஆகும். பெயர் வைத்தவன் நானில்லை. ஆனால் கூப்பிட்டுச் சிரித்தவர்களில் நானும் உண்டு.

அவருடைய ஆராய்ச்சி மொச்சையில். மொச்சைப் பயறுக்குள் இருக்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து அதன் வடிவத்தைப் பார்க்க வேண்டும். பயறு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும். அங்கேதான் அவர் ஊர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட, படிக்க வைத்தது தாய்மாமன். மானாவாரிக் காட்டில் மொச்சை போடுகிற சம்சாரி. விளைந்ததில் முதல் மூட்டையைத் தோளில் போட்டு, டவுன் பஸ் ஏறி, ஆய்வகத்து வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து நிற்பார்.

“மொச்சைக்குள்ள அப்படி என்னத்தா தேடுற?” என்று ஒருமுறை கேட்டார்.

“பூச்சரம் மாதிரி மாமா. இருபது வகைப் பூவ மாத்தி மாத்திக் கோத்த சரம் ஒண்ணு உள்ள இருக்கு” என்றார் அக்கா. மாமாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அடுத்த முறை அவர் வந்தபோது அக்கா காதைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“மாமா, பூச்சரம்னு சொன்னது சரியில்ல. பூச்சரத்த நாம எப்படிச் சுருட்டினாலும் சுருண்டுக்கும். இது தானா மடங்கும். எப்ப மடங்கினாலும் ஒரே மாதிரி மடங்கும். அது எப்படி மடங்கியிருக்குனுதான் நான் பாக்கணும்.”

மாமா கொஞ்சம் கலங்கிவிட்டார். “டீக்கடையில நாலு பேர்ட்ட பூச்சரம்னு சொல்லிப்புட்டேனேத்தா. சரி, போயி மாத்திச் சொல்லிர்றேன்” என்றார்.

டீக்கடையில் அவர் சொல்லியாக வேண்டிய நிலைமை இருந்தது. முப்பதைத் தாண்டியும் கட்டிக்கொடுக்காமல், உடன்பிறந்தவள் மகளை மொச்சை உரிக்க மதுரைக்கு அனுப்புகிறான் என்று ஊரில் அவரைக் கேலி பேசுவார்களாம். அதை அக்காவே ஒரு தகவலைச் சொல்வதுபோல எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

புரதத்தின் வடிவம் சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. அதைப் படிகமாக உறைய வைக்க வேண்டும். கற்கண்டு போல, மூலக்கூறுகள் வரிசையாக அணிவகுத்து உட்கார வேண்டும். அதன் பிறகு எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினால் சிதறி விழும் புள்ளிகளை வைத்து வடிவத்தைக் கணக்கிடலாம். சர்க்கரைபோலப் புரதம் சுலபத்தில் உறையாது. அக்கா விதவிதமான கரைசல்களில் சொட்டுச் சொட்டாக வைத்து, குளிர்ச்சியான அறையில் மாதக்கணக்காகக் காத்திருப்பார். பார்ப்பார். ஒன்றும் இருக்காது. கழுவுவார். மறுபடி வைப்பார்.

ஒருநாள் ஒரு சொட்டில் படிகம் இருந்தது. ஒன்றே ஒன்று. எட்டுப் பக்கமும் பட்டை தீட்டியதுபோல அப்படி ஒரு அழகு. எங்கள் பேராசிரியர் ஓய்வு பெறப்போகிறவர். அவர் ஆய்வகத்தில் அதுவரை ஒரு படிகமும் விளைந்ததில்லை. நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிரவே இல்லை.

அக்கா மட்டும், “ஊசியால லேசாத் தொட்டுப் பாத்துரலாம் சார்” என்றார். புரதப் படிகம் மெத்தென்று இருக்கும், தொட்டால் உதிரும். உப்பாக இருந்தால் நறுக்கென்று உடையும். கரைசலில் எப்போதும் உப்புகள் இருப்பதால், புரதத்துக்குப் பதிலாக உப்பே அழகாக உறைந்து ஆளை ஏமாற்றுவது இந்தத் தொழிலில் உண்டு.

“இருக்கறது ஒத்தப் பிள்ளை. அதைப் போயி ஊசியால குத்திப் பாப்பியாம்மா?” என்றார் பேராசிரியர். நாங்கள் எல்லாரும் அவர் பக்கம். குத்திவிட்டால் எக்ஸ்ரேக்கு எதைக் கொண்டுபோவது?

அந்த நேரம் பார்த்து மாமா மூட்டையோடு வந்து வாசலில் நின்றார். பேராசிரியரே அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தார். மாமா முதலில் தவறான கண்ணை மூடினார். பிறகு சரியான கண்ணை மூடினார். வெகுநேரம் பார்த்தார். “வைரமாட்டம் இருக்குத்தா” என்றார். எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டார்: “இதுதானாத்தா? இம்புட்டு நாளா நீ தேடுனது?”

அக்காவின் கை காதுக்குப் போயிற்று. “சொல்லும்மா” என்றார் பேராசிரியர். நாங்களும் வாயெல்லாம் பல்லாக அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

“ஆமா மாமா” என்றார் அக்கா.

எனக்குத் தெரிந்து அவர் பார்க்காமல் சொன்னது அது ஒன்றுதான்.

அந்த வாரமே உசிலம்பட்டிச் சாலையில், அவர் ஊருக்குப் பிரியும் இடத்தில், பிளெக்ஸ் பேனர் ஏறிவிட்டது. எங்கள் பக்கம் காது குத்துக்குப் பேனர், பூப்பு நீராட்டுக்குப் பேனர், வாடிவாசலில் பிடிபடாமல் வந்த காளைக்குப் பேனர். மருமகளுக்கு மாமா வைக்காமல் விடுவாரா? நடுவில் வண்டிச்சக்கரம் அளவுக்கு அந்தப் படிகம். அதன் பக்கத்தில் அக்காவின் அடையாள அட்டைப் படம். மேலே, ‘மொச்சையின் ரகசியம் கண்ட எங்கள் குலவிளக்கே, உலக விஞ்ஞானம் உன்னை வணங்குகிறது’. கீழே வாழ்த்துவோர் வரிசையில் பேராசிரியரும் நாங்களும். ஆய்வகத்தில் எடுத்த படத்தைப் பேராசிரியரே மாமாவின் போனுக்கு அனுப்பியிருந்தார். ஓரத்தில், ஒரு காளைக்குப் பக்கத்தில், பெருவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டு நான். என் அப்பா பஸ் பிடித்துப் போய் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தார்.

எக்ஸ்ரே இயந்திரம் வெளியூரில். அக்கா படிகத்தைக் கைக்குழந்தைபோல ரயிலில் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது வீட்டுக்குப் போகாமல், பெட்டியோடு நேராக ஆய்வகத்துக்கு வந்தார். புரதமென்றால் புள்ளிகள் நெருக்கமாகக் கோலப்பொடி தூவியதுபோல விழும். அவர் கொண்டுவந்த எக்ஸ்ரே படத்தில் அங்கொன்றும் இங்கொன்றும்தான் விழுந்திருந்தன.

“உப்பு” என்றார் அக்கா. “அந்தப் புரதத்துக்கு கால்சியம் வேணும்னு நான்தான் சேத்தேன். கரைசல்ல ஏற்கனவே பாஸ்பேட் இருந்துச்சு. ரெண்டும் சேந்து உறைஞ்சிருச்சு. எனக்கு அப்பவே தோணியிருக்கணும்.”

பேராசிரியர் கதவைச் சாத்தச் சொன்னார். கத்தவில்லை. களைத்துப்போனவராகத்தான் பேசினார்.

“வழியில கரைஞ்சுபோச்சுன்னு சொல்லிருவோம். கரையாத படிகம் எங்க இருக்கு?”

“இது கரையல சார். அப்படியே இருக்கு.”

“நீ எங்கம்மா சொன்ன? கட்டுரை எழுதல. மேடையில பேசல. உன் மாமாட்ட சொன்ன, அவ்வளவுதான்.”

“ஊர்ல பேனர் இருக்கு சார்.”

“அந்த ஊர்ல யாருக்குப் புரதம் தெரியும்?”

“புரதம் தெரியாது சார். உப்பு எல்லாருக்கும் தெரியும்.”

பேராசிரியர் எங்களைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் திடீரென்று கரைசல்களைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரத்தின் மூடியையும் தரையையும் கூர்ந்து பார்க்கத் தொடங்கியிருந்தோம். அந்த அறையில் அன்றைக்கு வெட்கப்படாதவர் அக்கா ஒருவர்தான். அவர் அதையெல்லாம் ரயிலிலேயே பட்டு முடித்துவிட்டு வந்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

அன்று சாயந்திரமே ஊருக்குப் போய் மாமாவிடம் சொன்னாராம். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “பேனரக் கழட்டிருவோம்த்தா. நாள் ஆயிருச்சு, அதான் கழட்டிட்டாகன்னு நெனச்சுக்குவாக” என்றாராம். “கழட்டினா மட்டும் எப்படி மாமா? நான் சொன்னது சொன்னபடியே நிக்குமே” என்றாராம் அக்கா. மாமா சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனவர், அதன் பிறகு பேசவில்லை.

மறுநாள் அக்கா என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். ஷேர் ஆட்டோ பிடித்து அவனியாபுரம் போனோம். அங்கே ஒரு பட்டறைக்கு மாடியில் பிளெக்ஸ் அடிக்கிற கடை. கம்ப்யூட்டரில் இருந்தவர் திரும்பாமலேயே கேட்டார்.

“வாழ்த்தா, கண்ணீர் அஞ்சலியாக்கா?”

“திருத்தம்.”

அவர் நாற்காலியோடு திரும்பினார். அக்கா வாசகத்தைச் சொன்னார். அவர் பாதி அடித்துவிட்டு நிறுத்தினார். “இத்தன வருசத்துல இப்படி ஒண்ணு நான் அடிச்சதில்லக்கா. பின்னாடி என்ன போடட்டும்? கோபுரமா, காளையா?”

“ஒண்ணும் வேணாம். வெள்ளையா இருக்கட்டும். என் படம் மட்டும் போடுங்க.”

பழைய பேனரின் படம் அக்காவின் போனில் இருந்தது. அதை அவர் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “இந்த ஓரத்துல இருக்கறது அண்ணன்தானே? இவங்க படமெல்லாம் வேணாமா?”

எனக்குக் காது சுட்டது. “என்னோடதும் போடலாம்க்கா” என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அக்கா கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டு, உள்ளதைச் சொல்கிற அவருடைய சாதாரணக் குரலில் சொன்னார்: “நீ ஒண்ணும் சொல்லலையே தம்பி. சிரிச்சுக்கிட்டு நின்ன. அவ்வளவுதானே.”

அவர் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அவருக்குக் குத்தத் தெரியாது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அந்த அப்பாடாவை நினைத்துத்தான் இன்றைக்கும் கூசுகிறது. வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, “புதுசுல உன் படம் இல்லையே?” என்பது. இல்லை என்றேன். “நல்லவேளை” என்றார். நான் அவர் பிள்ளைதான்.

சுருட்டிய பேனரை நான் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பிரிவில் இறங்கினோம். டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கம்பம் உயரம், கையில் ஏணி இல்லை. அக்கா கேட்டும் யாரும் எழவில்லை. வேடிக்கை பார்க்கத்தான் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள். விஷயம் அதற்குள் ஊருக்குள் போய்ச்சேர்ந்திருந்தது.

ஊர்ப்பாதையிலிருந்து மாமா வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் ஏணி. அக்கா பக்கம் திரும்பவே இல்லை. ஏறி, பழைய பேனரின் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து இறக்கினார். பிறகு என் தோளில் இருந்ததை வாங்கினார்.

“நான் கட்டுறேன் மாமா, நீங்க வேணாம்” என்றார் அக்கா.

“மாமன் இருக்கையில வேற எவன் கட்டுறது” என்றார் அவர். அவ்வளவுதான் பேச்சு.

பேனர் விரிந்தது. டீக்கடைக்காரர் எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தார். “திருத்தம். முன்பு இங்கே வைத்த படத்தில் இருந்தது மொச்சைப் புரதம் அல்ல. அது உப்பு. சோதிக்காமல் சொன்னது நான்.” கீழே அக்காவின் பெயர், படம். அவ்வளவு வெள்ளையாக ஒரு பேனரை அந்தச் சாலை கண்டிருக்காது.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். “இம்புட்டு வருசம் படிச்சு உப்பு காச்சிருக்கு, பாரு” என்றார் ஒருவர்.

அக்கா அவர் பக்கம் திரும்பினார். காதைப் பிடிக்கவில்லை. “காச்சலண்ணே. தானா உறைஞ்சிருச்சு” என்றார்.

ஏணி மேல் மாமாவின் கை ஒரு கணம் முடிச்சில் நின்றது. பிறகு மறுபடி இறுக்கிக் கட்டினார். நான் பக்கத்துச் சுவரில் இருந்த பழைய தேர்தல் விளம்பரத்தை வாசித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா மீதி ஆராய்ச்சியை வைத்துப் பட்டம் வாங்கினார். அதில் ஒரு பக்கம் அந்த உப்பைப் பற்றியது. பேராசிரியர் எடுத்துவிடச் சொல்லியும் எடுக்கவில்லை. இப்போது தேனிப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் இருக்கிறார். அவர் விட்ட மொச்சையை நான் பிடித்துக்கொண்டேன். இப்போதெல்லாம் அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் போதும், புரதம் எப்படி மடங்கியிருக்கும் என்று கம்ப்யூட்டரே டீ ஆறுவதற்குள் வரைந்து காட்டிவிடுகிறது. மொச்சைப் புரதத்தின் படத்தை அவருக்கு அனுப்பினேன். “அழகா இருக்கு தம்பி. பாத்துட்டுச் சொல்லு” என்று பதில் வந்தது.

பார்ப்பதற்குப் பயறு வேண்டும். போன மழைக்காலத்தில் மாமா வீட்டுக்குப் போனேன். போய்ச்சேரும்போது சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. முதலில் அகப்பட்ட மாட்டுத் தொழுவத்துக்குள் ஓடி ஒதுங்கினேன். இரண்டு பசுக்கள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அசைபோட்டன. மேலே பார்த்தேன். கூரைக்கு அந்தப் பழைய பேனர். படிகம் பாதியாக மடிந்து, குலவிளக்கு கிழிந்து, பேராசிரியரின் நெற்றியில் ஒரு பல்லி. என் ஓரம் மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. பெருவிரலைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மாமா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். “நல்ல உரமான சாமான் தம்பி. உங்க மூஞ்சி இருக்க பக்கம் ஒரு சொட்டு ஒழுகல” என்றார். கேலி இல்லை, மனதாரத்தான் சொன்னார்.

“இன்னொண்ணு எங்க இருக்குங்கய்யா?” என்று கேட்டேன்.

அவர் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். வாசல் வழியாக உள்சுவர் தெரிந்தது. கல்யாணப் படங்கள் மாட்டுகிற சுவர். அதில் வேறு படமே இல்லை. சுவர் நிறைய அந்த வெள்ளைப் பேனர், நாலு மூலையும் ஆணி அடித்து, கீழே அக்காவின் படத்தில் தூசு படியாமல் துடைத்து.

“வெளிய கெடந்தா நைஞ்சு போயிரும்ல” என்றார். “உள்ள வாங்க தம்பி, ஏன் அங்கனயே நிக்கிறீக?”

வாரேன் என்றேன். மழை நிற்கட்டும் என்றேன். நான் நின்ற இடத்தில், என் படத்துக்கு அடியில், ஒழுகவில்லைதான்.